பார்வையற்ற மாணவர்களுக்குப் பரீட்சை எழுதித் தருவது: யார் போகலாம், என்ன பழக வேண்டும்?

மாலதி_திருச்சி:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பகுதியில் இருக்கும் கலைக் கல்லூரியில் பார்வையற்ற பிள்ளைகள் சிலர் படிக்கிறார்கள். ஏப்ரல் செமஸ்டருக்கு எழுதித் தர ஆள் போதவில்லை என்று குடியிருப்போர் சங்க வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார்கள். நான் பிளஸ் டூ, காமர்ஸ் குரூப். என் நாத்தனார் பி.எஸ்சி. கணிதம். இரண்டு பேருமே போகத் தயார். காலை 9 மணியிலிருந்து 3 மணி வரை நேரம் ஒதுக்க முடியும்.

எங்கள் படிப்புக்கு அனுமதிப்பார்களா? என்னென்ன காகிதம் வேண்டும்? அவர்கள் சொல்கிற வேகத்துக்கு எழுத எப்படிப் பழகுவது? தமிழ்த் தாளில் எழுத்துப்பிழை வந்தால் அது யார் கணக்கு? என் கையெழுத்து சுமார்தான். என்னால் ஒரு பிள்ளையின் பேப்பர் கெட்டுவிடக் கூடாது, அதனால்தான் இப்போதே கேட்கிறேன்.

தேர்வுப்பிரிவு_ராஜன்:

நல்ல காரியம் மாலதிம்மா. அலுவலகப் பக்கத்தை நான் சொல்கிறேன், எழுதும் முறையை மற்றவர்கள் சொல்லட்டும்.

படிப்பு விஷயம்தான் முதலில் இடிக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கான எழுத்துத் தேர்வு பற்றி மத்திய அரசு 29.8.2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், தேர்வர் தானே ஆள் அழைத்து வந்தால் அந்த ஆளின் படிப்பு தேர்வரின் படிப்பைவிட ஒரு படி கீழே இருக்க வேண்டும் என்று இருந்தது. தேர்வு நடத்துகிறவர்களே ஆள் கொடுத்தால், அந்தத் தேர்வுக்குக் கேட்கும் குறைந்தபட்சத் தகுதிக்கு மேல் போகக் கூடாது, பத்தாவதாவது முடித்திருக்க வேண்டும். கல்லூரிகள் இதை ஒட்டித்தான் விதி வைத்திருக்கின்றன. பல இடங்களில் "அதே பாடம் படித்தவர் கூடாது" என்றும் சேர்த்திருக்கிறார்கள். ஆக உங்களுக்கு பி.ஏ. தமிழ், வரலாறு, ஆங்கில இலக்கியம் எல்லாம் பெரும்பாலும் சரிவரும். பி.காம். பிள்ளைக்கு நீங்கள் போனால் காமர்ஸ் குரூப் என்பதைச் சொல்லித் தடுக்கலாம். உங்கள் நாத்தனார் பட்டதாரி என்பதால் இளங்கலைத் தேர்வுக்கு ஆகாது. முதுகலை மாணவருக்கு, கணிதம் அல்லாத பாடத்துக்குக் கேட்டுப் பாருங்கள். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. போட்டித் தேர்வு என்றால் அந்த வருடத்து அறிவிக்கையில் போட்டிருப்பதுதான் செல்லும்.

நேரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. 3 மணி நேரத் தாள் 4 மணி நேரமாகும். காலை 10 மணித் தாள் 2 மணிக்கு முடியும், உங்களுக்கு ஒத்துவரும். மதியம் 2 மணித் தாள் 6 மணிக்குத்தான் முடியும். பாதியில் எழுந்து போக முடியாது. அதனால் காலைத் தாள்களுக்கு மட்டும் பெயர் கொடுங்கள்.

காகிதங்கள்: உங்கள் கடைசிப் படிப்பின் மதிப்பெண் பட்டியல் அசலும் இரண்டு நகலும், ஆதார் அசலும் நகலும், பாஸ்போர்ட் அளவுப் படம் 3. மாணவர் தரப்பில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை அல்லது மத்திய அரசின் யு.டி.ஐ.டி. அட்டை, ஹால் டிக்கெட், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு அனுமதிக் கடிதம், ஸ்க்ரைப், அதாவது எழுதித் தருபவரின் விவரத்தோடு இருவரும் கையெழுத்திட்ட உறுதிமொழிப் படிவம். பார்வையின்மை, இரண்டு கையும் பாதிப்பு, மூளை முடக்குவாதம், இந்த மூன்றுக்கும் கேட்டாலே ஸ்க்ரைப் தர வேண்டும். மற்ற குறைபாடுகளுக்கு "எழுத இயலாது" என்று அரசு மருத்துவமனைத் தலைமை மருத்துவ அலுவலர் நிலையில் இருப்பவரிடம் சான்று வாங்க வேண்டும். 40 சதவீதத்துக்குக் கீழே என்று அட்டையில் இருந்தாலும் மனம் விட வேண்டாம். எழுத்தாளர் பிடிப்பு, அதாவது எழுதும்போது கைத்தசை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் பிரச்சினை இருந்த ஒருவர் தொடுத்த வழக்கில், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த சதவீதத்தை மட்டும் வைத்து ஸ்க்ரைப் மறுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு 10.8.2022-இல் அவர்களுக்கும் தனி வழிகாட்டுதல் வந்துவிட்டது.

வாசலில் அதிகம் மாட்டுவது இனிஷியலில்தான். மதிப்பெண் பட்டியலில் "எஸ். மாலதி" என்றும், ஆதாரில் கணவர் பெயரோ தந்தை பெயரோ முழுதாகவும் இருக்கும். காலை 9.50-க்கு அறைக் கண்காணிப்பாளர் இதைப் பார்த்துச் சந்தேகப்பட்டால் பத்து நிமிடம் போய்விடும். அனுமதிக் கடிதத்திலேயே "இருவரும் ஒருவரே" என்று ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று, இதுதான் ரொம்ப முக்கியம். ஒவ்வொரு மாணவருக்கும் மாற்று ஆள் ஒருவருக்கும் சேர்த்தே அனுமதி வாங்குங்கள். அவசரத்துக்கு ஆள் மாற்றிக்கொள்ளவும், மொழித்தாளுக்கு ஒருவர் மற்றதற்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளவும் 2018 வழிகாட்டுதலே இடம் கொடுத்தது. ஒரே தாளுக்கு மட்டும் இரண்டு பேர் கூடாது. காய்ச்சல், பஸ் ஓடவில்லை, வீட்டில் துக்கம், எதுவும் வரலாம். ஸ்க்ரைப் வரவில்லையென்றால் ஒரு வருடம் படித்த பிள்ளை வராந்தாவில் உட்கார்ந்து அழுதுகொண்டு திரும்ப வேண்டியதுதான். கையெழுத்து சுமாரான ஸ்க்ரைப்பால் இரண்டு மதிப்பெண் போகலாம், வராத ஸ்க்ரைப்பால் அரியர் விழும்.

கோமதி_மதுரை:

ராஜன் சார் சொன்ன கடைசி விஷயத்தைத் தாளில் எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்க மாலதி. இனி எழுதுகிற முறைக்கு வருவோம்.

75 மதிப்பெண் தாள் என்று வைத்துக்கொள்வோம். 2 மதிப்பெண் 10, 5 மதிப்பெண் 5, 10 மதிப்பெண் 3. கையில் 240 நிமிடம். நல்ல பங்கீடு இது: கேள்வித்தாள் முழுவதையும் வாசிக்க 15 நிமிடம், 2 மதிப்பெண்ணுக்கு நான்கு நிமிடம் வீதம் 40, 5 மதிப்பெண்ணுக்குப் பதினைந்து வீதம் 75, 10 மதிப்பெண்ணுக்கு முப்பது வீதம் 90. மொத்தம் 220. மீதி 20 நிமிடம் திருப்பி வாசிக்க. இதை மாணவரிடம் முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளணும். அவருக்குக் கடிகாரம் தெரியாது, நீங்கதான் அரை மணிக்கு ஒரு தரம் மெதுவாகச் சொல்லணும். ஸ்மார்ட் வாட்ச் உள்ளே விடமாட்டாங்க, சாதாரண முள் கடிகாரம் கட்டிக்கிட்டுப் போங்க.

கேள்வி வாசிக்கிறதுதான் பாதி வேலை. முதலில் "எவையேனும் ஐந்து" போன்ற குறிப்பு, அப்புறம் கேள்வி எண், அப்புறம் கேள்வி. "அ அல்லது ஆ" என்று இருந்தால் இரண்டையும் வாசித்து முடிக்கிற வரைக்கும் அவரை ஆரம்பிக்க விடாதீங்க. முதல் கேள்வியைக் கேட்டதும் வேகத்தில் பதில் சொல்ல ஆரம்பிச்சிருவாங்க, இரண்டாவது இன்னும் சுலபமா இருந்திருக்கும். தாளில் தமிழும் ஆங்கிலமும் இருந்தால் எதில் வாசிக்கணும்னு கேட்டுக்கங்க. சில சமயம் மொழிபெயர்ப்பு குழப்பமா இருக்கும், அப்போ மற்ற மொழியிலும் ஒரு தரம் வாசிங்க. படம், வரைபடம் உள்ள கேள்விக்குப் பதிலா "பார்வைக் குறைபாடுடையோருக்கு" என்று வேறு கேள்வி கொடுத்திருப்பாங்க. அது பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும், தேடிப் பிடிக்கிறது உங்க பொறுப்பு.

எழுதும்போது, அவர் ஆறேழு சொல் சொல்லி நிறுத்தணும், நீங்க எழுதி முடிச்சதும் "ம்" சொல்லணும், அவர் தொடரணும். இந்த "ம்" தாளம் பிடிபட்டால் வேகம் தானா வரும். ஆரம்பத்தில் எல்லாருக்கும் நடக்கிறது என்னன்னா, மாணவர் முழு வாக்கியத்தையும் சொல்லிடுவார், எழுதறவர் பாதியில் விட்டுட்டு "என்ன சொன்னீங்க?"ன்னு கேட்பார், அவருக்கு யோசனை அறுந்துபோகும். பழக்கத்துக்கு யாரையாவது பாடப்புத்தகத்திலிருந்து பத்து நிமிடம் சொல்லச் சொல்லி எழுதுங்க. ஒன்றரைப் பக்கம் தெளிவா வந்தால் போதும். அதுக்கப்புறம் மூணு மணி நேரம் நிறுத்தாமல் எழுதிப் பாருங்க, ஏன்னா கை வலிக்க ஆரம்பிக்கிறது மூணாவது மணியில்தான். ஏப்ரல் வெயிலில் கை வேர்த்துத் தாள் நனையும், மணிக்கட்டுக்குக் கீழே ஒரு கைக்குட்டை மடிச்சு வைங்க.

கையெழுத்து அழகா இருக்கணும்னு இல்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி, கேள்வி எண் ஓரத்தில் தெளிவா, ஒவ்வொரு விடைக்கும் கீழே நாலைந்து வரி காலியா விடுறது. அந்த இடம் எதுக்குன்னா, கடைசி இருபது நிமிடத்தில் "அந்த நாலாவது கேள்வியில் ஒரு பாயிண்ட் சேர்க்கணும்" என்பாங்க. பதிவு எண்ணை ஹால் டிக்கெட் பார்த்து எழுதி, ஒவ்வொரு எண்ணாக அவருக்கு வாசிச்சுக் காட்டிட்டுத்தான் அடுத்த வேலை. கூடுதல் தாள் வாங்கினால் உடனே பக்க எண் போடுங்க.

இப்போ எழுத்துப்பிழை. அவர் "வலி" என்று சொன்னால் அது வலியா, வளியா, வழியா? "பனி" என்றால் பனியா பணியா? உங்களுக்குத் தோணுற இடத்தில் "எந்த ல?"ன்னு கேட்கலாம்னு நினைப்பீங்க. அது தப்பு. பிழையா இருக்கிற இடத்தில் மட்டும் நீங்க கேட்டால், அந்தக் கேள்வியே "இது தப்பு, மாத்து"ன்னு சொல்ற மாதிரி ஆயிரும். முன்னாலேயே இப்படிப் பேசி வைங்க: சந்தேகம் வரக்கூடிய சொல்லுக்கு மாணவரே "சிறப்பு ழ", "மூணு சுழி ண", "பெரிய ற" என்று சேர்த்துச் சொல்லிருவார், சொல்லாத இடத்தில் காதில் விழுந்தபடி எழுதிருவீங்க. ஒற்றும் அப்படித்தான். "கதையை படித்தான்" என்று அவர் சொன்னால் நீங்களா ப் போடக் கூடாது. செய்யுள் எழுதும்போது அடி முடிவை அவர்தான் சொல்லணும். குறள் என்றால் முதலடியில் நாலு சீர், அடுத்ததில் மூணு என்று உங்களுக்குத் தெரியும், ஆனா அவர் "அடுத்த அடி" சொல்ற இடத்தில்தான் இறங்கணும்.

பிரெய்ல்_குமரன்:

தேர்வர் பக்கத்திலிருந்து சில விஷயங்கள் சேர்க்கிறேன்.

கோமதி அக்கா சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. கடைசியில் 20 நிமிடம் ஒதுக்கித் திருப்பி வாசிப்பதைவிட, ஒவ்வொரு 10 மதிப்பெண் விடையும் முடிந்த கையோடு அதை வாசித்துவிடுவது நல்லது. நான்கு மணி நேரம் பேசிய பிறகு கேட்கிற கவனம் இருக்காது. எழுதும் நடுவில் தேர்வர் தயங்கினால், கடைசி ஐந்து சொல்லை மட்டும் வாசியுங்கள். பத்தி முழுவதையும் முதலிலிருந்து வாசித்தால் அடுத்து சொல்ல வந்தது மறந்துவிடும்.

தயங்கும் நேரத்தில் பேசாமல் இருங்கள். பார்வை உள்ளவர் பேனாவை வைத்துக்கொண்டு யோசிப்பதை யாரும் தவறாக நினைப்பதில்லை. எங்களுக்கு மௌனம் நீண்டால் எழுதுபவர் பொறுமை இழந்து "அடுத்த கேள்விக்குப் போகலாமா?" என்று கேட்டுவிடுகிறார். நேரம் போகிறதே என்று கவலையாக இருந்தால் "மணி 11.20" என்று மட்டும் சொல்லுங்கள், முடிவை எங்களிடம் விடுங்கள்.

விடை தெரிந்தாலும் சொல்லாதீர்கள். இதைப் பலர் இரக்கத்தில் செய்கிறார்கள். பிடிபட்டால் தாள் ரத்தாவது தேர்வருக்குத்தான். பிடிபடாவிட்டாலும் "இவர்களுக்கு ஸ்க்ரைப் எழுதித் தந்தது" என்ற பேச்சு அடுத்து வரும் ஒவ்வொருவரின் மதிப்பெண் மீதும் விழுகிறது. குரலில்கூட உதவி போய்விடும். நான்கு விருப்பங்களை வாசிக்கும்போது சரியான விடையில் குரல் தானாகக் கொஞ்சம் அழுத்தும், அல்லது அங்கே ஒரு நொடி நிற்கும். வீட்டில் ஐம்பது கொள்குறி வினாவை வாசித்து ஃபோனில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள், எங்கே அழுத்துகிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

தேர்வுக்கு முன் குறைந்தது இரண்டு தடவை உட்கார்ந்து பழகுங்கள். தேர்வு நடத்துகிறவர்களே ஆள் கொடுத்தாலும், இரண்டு நாள் முன்னதாகச் சந்தித்து அந்த ஆள் சரிவருவாரா என்று பார்க்கத் தேர்வருக்கு உரிமை இருக்கிறது. கேட்காவிட்டால் யாரும் கொடுக்கமாட்டார்கள். பழகும்போது ஒரு முழு 10 மதிப்பெண் கேள்வியை மணி பார்த்து எழுதுங்கள். பேச்சுவழக்கில் நாங்கள் சொல்வதை அப்படியே எழுதவா, எழுத்து நடையில் எழுதவா என்பதையும் அப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். சரியான பதில்: அப்படியே எழுத வேண்டும். எழுத்து நடையில் சொல்லும் பொறுப்பு தேர்வருடையது.

அறைக்குள் கூட்டிப் போகும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், கோலையும் பிடிக்காதீர்கள். உங்கள் முழங்கையை நீட்டினால் நாங்கள் பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வருவோம். உட்கார்ந்ததும் "வலது பக்கம் சுவர், தண்ணீர் பாட்டில் இடது கைப்பக்கம், கண்காணிப்பாளர் நேர் எதிரே" என்று சொல்லிவிடுங்கள். "அங்கே இருக்கிறது" என்பதால் பயனில்லை.

இரண்டு மாணவர்களை ஒரே அறையில் போட்டால் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்கும். ஒரே தாள் என்றால் முறைகேடு என்ற சந்தேகமும் வரும். தனி அறை கேளுங்கள். கிடைக்காவிட்டால் எதிரெதிர் மூலைகளையாவது கேளுங்கள். மைதானம், கேன்டீன் பக்க ஜன்னல் வேண்டாம். ஓரளவு பார்வை உள்ளவர் என்றால் வெளிச்சம் தோளுக்குப் பின்னாலிருந்து வர வேண்டும், முகத்துக்கு நேரே ஜன்னல் இருந்தால் கூசும்.

ஆய்வகம்_செல்வி:

மாலதி அக்கா, உங்க நாத்தனாரை விட்டுடாதீங்க. தேர்வறைக்குள் போக முடியாவிட்டாலும் மாதிரித் தேர்வு வைக்க அவங்களைவிட நல்ல ஆள் கிடைக்காது. கணிதம், வேதியியல், கணக்குப்பதிவியல் மூன்றிலும் மாணவருக்கே சொல்லிப் பழக்கம் போதாமல் மதிப்பெண் போகிறது. அதைச் சரிசெய்ய பாடம் தெரிந்த ஒருத்தர் வேணும்.

ஒரு உதாரணம். "எக்ஸ் பிளஸ் ஒன் பை எக்ஸ் மைனஸ் டூ" என்று மாணவர் சொல்றார். இதை நாலு விதமா எழுதலாம். கோட்டுக்கு மேலே எக்ஸ் பிளஸ் ஒன், கீழே எக்ஸ் மைனஸ் டூ. அல்லது மேலே ஒன் மட்டும், கீழே எக்ஸ் மட்டும். அல்லது மேலே ஒன், கீழே எக்ஸ் மைனஸ் டூ. அல்லது மேலே எக்ஸ் பிளஸ் ஒன், கீழே எக்ஸ் மட்டும். நாலுக்கும் நாலு விடை. அதனால் "பின்னம் திற, எக்ஸ் பிளஸ் ஒன், கோடு, எக்ஸ் மைனஸ் டூ, பின்னம் மூடு" என்று சொல்லும் பழக்கம் வரணும். வர்க்கமூலத்துக்கும் திற, மூடு. அடுக்குக்கு "மேலே 2, இறங்கு". அந்த "இறங்கு" இல்லாவிட்டால் அடுத்து வருவதெல்லாம் அடுக்கிலேயே ஏறிக்கொண்டு போகும்.

வேதியியலில் எழுத்தின் அளவு முக்கியம். "சி பெரிசு, ஓ பெரிசு" என்றால் கார்பன் மோனாக்சைடு. "சி பெரிசு, ஓ சிறிசு" என்றால் கோபால்ட். எழுதுபவருக்கு வேதியியல் தெரியாது என்று வைத்துக்கொண்டே சொல்லப் பழகணும்.

கணக்குப்பதிவியலில் தேர்வர் முதலில் கட்டம் போடச் சொல்லணும்: நாள், விவரம், பேரேட்டுப் பக்க எண், பற்று, வரவு, ஐந்து கட்டம். அப்புறம் ஒவ்வொரு பதிவுக்கும் கட்டத்தின் பெயர் சொல்லி, தொகை சொல்லணும். எழுதுபவர் தானாகக் கூட்டக் கூடாது. கூட்டுத்தொகை தப்பாகச் சொன்னாலும் அதைத்தான் எழுதணும். தேர்வர் கணக்குப் போட டெய்லர் சட்டம் (தொட்டுணர்ந்து கணக்குப் போடும் துளைப் பலகை), மணிச்சட்டம், பிரெய்ல் பலகை கொண்டு போக 2018 வழிகாட்டுதலில் அனுமதி இருந்தது. கால்குலேட்டர் அனுமதிக்கிற தேர்வென்றால் பேசும் கால்குலேட்டரும் சரி. இவற்றின் பெயரை அனுமதிக் கடிதத்தில் எழுதி வாங்குங்க. வாயிலில் இருப்பவர் டெய்லர் சட்டத்தை வாழ்நாளில் பார்த்திருக்கமாட்டார்.

கோமதி_மதுரை:

செல்வி சொன்னது அத்தனையும் சரி. குமரன் தம்பி, விடை முடிந்ததும் வாசிக்கிறது உங்களுக்குப் பொருந்தினால் அதுவே சரி. மாணவரைக் கேட்டு முடிவு பண்ணுங்க மாலதி, உங்க வசதிக்கு இல்லை.

போட்டித் தேர்வுக்கும் கூப்பிடுவாங்க, அதனால் வட்டத்தைக் கறுக்கிற ஓ.எம்.ஆர். விடைத்தாள் பற்றிக் கொஞ்சம். விடை சொன்னதும் கேள்வி எண்ணையும் சேர்த்து "47, சி" என்று திருப்பிச் சொல்லிட்டுத்தான் வட்டத்தைக் கறுக்கணும். ஒரு கேள்வியைத் தள்ளிவைத்தால் அங்கேதான் வரிசை நழுவும். 48-க்கான விடை 47-இல் விழும், அப்புறம் கடைசி வரைக்கும் எல்லாம் ஒரு படி மேலே. பத்து கேள்விக்கு ஒரு தரம் எண்ணைச் சரிபார்த்தால் நழுவினாலும் அங்கேயே தெரிஞ்சிரும். தள்ளிவைத்த எண்களைக் கேள்வித்தாளில் மட்டும் குறிங்க, விடைத்தாளில் ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது. டி.என்.பி.எஸ்.சி. தாளில் ஐந்தாவதாக E என்ற ஆங்கில எழுத்து வட்டம் இருக்கும், விடை தெரியாததற்கு அது. எதையும் வெறுமையா விடக் கூடாது. எந்த எழுத்தில் எத்தனை வட்டம் கறுத்தீங்கன்னு எண்ணி எழுதச் சொல்லியிருந்தால் அதற்குத் தனியாகப் பத்து நிமிடம் வேணும்.

"பொருத்துக" கேள்வியை வாசிக்கவும் ஒரு முறை இருக்கு. இடப்பக்க நாலையும் வாசிங்க, வலப்பக்க நாலையும் வாசிங்க, திரும்ப ஒரு தரம் இரண்டையும் வாசிங்க. அவர் மனசில் ஜோடி சேர்த்து "அ-வுக்கு 3, ஆ-வுக்கு 1" என்று சொன்ன பிறகு விருப்பங்களை வாசிங்க. முதலிலேயே "3 1 4 2, 2 4 1 3" என்று வாசித்தால் யாருக்கும் மனசில் நிற்காது. "தவறானது எது", "பொருந்தாதது எது" என்ற சொல்லைக் கேள்வியின் தொடக்கத்திலும் விருப்பங்களுக்கு முன்பும் இரண்டு தரம் வாசிக்கலாம். ஆனா எல்லாக் கேள்விக்கும் ஒரே மாதிரி செய்யணும்.

மாலதி_திருச்சி:

இவ்வளவு விவரமாகச் சொல்வீர்கள் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கல்லூரி அலுவலகத்தில் பேசினேன். தமிழ், வரலாறு காலைத் தாள்களுக்கு எனக்கு அனுமதி தருவதாகச் சொல்லிவிட்டார்கள். நாத்தனார் சனிக்கிழமைகளில் பி.எஸ்சி. பையன்கள் இரண்டு பேருக்கு மாதிரித் தேர்வு வைக்க ஒப்புக்கொண்டார்.

இன்னும் இரண்டு சந்தேகம். பட்டியலில் ஒரு பெண் பிள்ளைக்கு மூளை முடக்குவாதம். பார்வை இருக்கிறது, பேச்சுதான் தெளிவாக வராதாம். அவளுக்கு எழுத யாரும் முன்வரவில்லை. நான் போகலாமா? அடுத்தது, பஸ் செலவு தருகிறேன் என்று பெற்றோர் சொன்னால் வாங்கலாமா?

தேர்வுப்பிரிவு_ராஜன்:

இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். மாணவர் தரப்பிலிருந்து பணம் வாங்க வேண்டாம். சில தேர்வு அமைப்புகளும் கல்லூரிகளும் ஸ்க்ரைப்புக்கு மதிப்பூதியம் கொடுக்கின்றன. அதைக் கையெழுத்திட்டு வாங்கலாம், அதில் தவறில்லை. பஸ் செலவு சிரமமாக இருந்தால் கல்லூரி மாற்றுத்திறனாளிகள் பிரிவில் கேளுங்கள்.

சிறப்புக்கல்வி_தமிழரசி:

மாலதி, தாராளமாகப் போங்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத்தான் ஆள் கிடைப்பதே இல்லை. ஆனால் இரண்டு சந்திப்பு போதாது, நான்கைந்து தடவையாவது வேண்டும். முதல் இரண்டு தடவை பாடத்தைத் தொடாமல் சும்மா பேசிக்கொண்டிருங்கள். உங்கள் காது பழகியதும் முன்பு புரியாத சொற்கள் புரியும். அம்மாவை மொழிபெயர்க்க விடாதீர்கள், தேர்வறையில் அம்மா இருக்கமாட்டார்.

புரியாத இடத்தில் புரிந்தமாதிரி தலையாட்டி ஏதோ ஒன்றை எழுதுவதுதான் இந்த வேலையில் பெரிய தவறு. எத்தனை தரம் ஆனாலும் கேளுங்கள், ஆனால் முழு வாக்கியத்தையும் கேட்காதீர்கள். எந்தச் சொல் வரை புரிந்ததோ அதைத் திருப்பிச் சொல்லி, "அதற்கு அடுத்த சொல்?" என்று கேளுங்கள். மூன்று தரம் சொல்லியும் வராவிட்டால் முதல் எழுத்தைக் காட்டச் சொல்லுங்கள். கெட்டி அட்டையில் உயிர் 12, மெய் 18 ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் கட்டம் கட்டி எழுதி எதிரே வைத்தால் அவள் விரலாலோ முழங்கையாலோ தொட்டுக் காட்டுவாள். கை அசையாவிட்டால் நீங்கள் வரிசை வரிசையாக விரல் வைத்துக்கொண்டு போக, அவள் கண்ணால் சைகை காட்டுவாள். ஆம் என்றால் மேலே பார்ப்பது, இல்லை என்றால் கண்ணை மூடுவது என்று இரண்டு சைகையை வீட்டிலேயே உறுதி செய்யுங்கள். நீங்களாக ஒரு சொல்லை ஊகித்துக் கேட்டால் அது விடை சொல்லிக்கொடுத்ததாகிவிடும் என்பதால், எழுத்து எழுத்தாகத்தான் போக வேண்டும். இந்த அட்டையையும் சைகைகளையும் அனுமதிக் கடிதத்தில் குறிப்பிட்டு, தேர்வன்று கண்காணிப்பாளருக்கு முன்கூட்டியே செய்து காட்டிவிடுங்கள். பார்க்காதவருக்கு அது ரகசியக் குறிப்பு மாதிரித் தெரியும்.

எல்லாத் தாளுக்கும் நீங்களே போக முடியுமா என்று பாருங்கள், புது ஆள் வந்தால் அவள் மறுபடி ஒன்றாம் நாளிலிருந்து தொடங்க வேண்டும். மாற்று ஆளையும் கடைசி இரண்டு சந்திப்புக்காவது கூட்டிப் போங்கள். தரைத்தள அறை கேளுங்கள். அவள் சக்கர நாற்காலியின் கைப்பிடி மேசைக்கு அடியில் நுழைகிறதா என்று ஒரு நாள் முன்னதாக அளந்து பாருங்கள். நுழையாவிட்டால் உடம்பைத் திருப்பி உட்கார வேண்டிவரும். அப்படி உட்கார்ந்தால் தசை இறுகும், அரை மணியில் பேச்சு இன்னும் குழறும். நடுவில் கழிப்பறைக்குப் போக வேண்டிவரும், அதனால் பெண் உதவியாளர் ஒருவர் வெளியே காத்திருக்க இப்போதே எழுதிக் கேளுங்கள். அந்த இடைவேளைக்கு ஆகும் நேரத்தையும் உங்கள் 240 நிமிடக் கணக்கில் கழித்துவிட்டு, அவளோடு உட்கார்ந்து ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை வரி என்று பிரித்துக்கொள்ளுங்கள். அவள் 10 மதிப்பெண்ணுக்கு மூன்று பக்கம் சொல்ல முடியாது. ஒரு தலைப்புக்கு ஒரு வாக்கியம், பத்துத் தலைப்பு, இப்படிச் சுருக்கிச் சொல்லும் பயிற்சியை அவளுடைய பேராசிரியரிடம் இந்த வாரமே தொடங்கச் சொல்லுங்கள்.